அடி இறங்கிய அம்மாக்களும் மூலபந்தம் சொல்லிக்கொடுக்கும் ஊரும்

"அடி எறங்கிடுச்சி." இதை எங்கள் பகுதிப் பெண்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சிலர் "கீழ வருது" என்பார்கள். சிலர் அதையும் சொல்லாமல் "உள் உபாதை" என்று முடித்துக்கொள்வார்கள். மருத்துவர்கள் இதைக் கர்ப்பப்பை இறக்கம் என்கிறார்கள். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய காலனிகளிலும் பெண்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான், இது எத்தனை வீடுகளில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது என்று நாங்கள் பார்த்தோம். கூலி உயர்வு பற்றிக் கூட்டம் போட்டால் எல்லோரும் பேசுவார்கள். கூட்டம் முடிந்து, ஆண்கள் எழுந்து போய், பாய் சுருட்டும் நேரத்தில்தான் ஓர் அக்கா பக்கத்தில் வந்து, "குந்த முடியல, எழுந்தா ஏதோ உருண்டை மாதிரி கீழ தொங்குது பாப்பா" என்பார். எத்தனை வருஷமாக என்று கேட்டால், கடைசிப் பிள்ளையின் வயதைச் சொல்வார்.

அந்தப் பிள்ளை இன்று கல்லூரியில் படிக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

முதலில் உடம்பைப் புரிந்துகொள்வோம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், தொட்டில் துணியைக் கட்டியதுபோல் தசைகள் விரிந்திருக்கின்றன. கருப்பை, முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல் மூன்றையும் அந்தத் தசைகளும் அவற்றோடு சேர்ந்த நார்களும்தான் தாங்குகின்றன. பிரசவத்தில், அதிலும் நீண்ட நேரம் முக்கிப் பெறும் பிரசவத்தில், இந்தத் தசைகள் இழுபட்டுச் சில நேரம் கிழியும். மீண்டும் இறுகுவதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்காமல் பளு தூக்கினால், தொட்டில் தொய்கிறது. வருடக்கணக்கான இருமல், தீராத மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற பிறகு குறையும் ஹார்மோன் எல்லாம் சேர்ந்து அந்தத் தொய்வை அதிகமாக்கும். விறகடுப்புப் புகையில் இருமும் அம்மாவையும், கழிவறை இல்லாததால் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருட்டிய பிறகு ஒதுங்கும் அக்காவையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டில் தொய்ந்தால் கருப்பை மட்டும் இறங்குவதில்லை. பல நேரங்களில் சிறுநீர்ப்பையும் கூடவே சரிகிறது. அப்போது சிறுநீர் முழுதாக வெளியேறாது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்து மறுபடி மறுபடி எரிச்சலும் காய்ச்சலும் வரும். தும்மினால் கசியும். சிலருக்கு இறங்கிய பையை விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் கழிக்க முடியும். மிக முற்றிய நிலையில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மடங்கி, சிறுநீரகமே வீங்கலாம். மலக்குடல் பக்கம் சரிந்தால் மலம் கழிப்பது வேதனை. வெளியே வந்த சதை சேலையில் உரசிப் புண்ணாகும், நாறும், ரத்தம் வரும். இடுப்பு வலி, நடுமுதுகு வலி, கணவனோடு படுக்கப் பயம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தின்று கொண்டிருக்கிறார்கள். வெள்ளைப்படுதலுக்கு ஒரு பட்டை, முதுகு வலிக்கு ஒரு ஊசி, நீர்க்கடுப்புக்கு மோர். எல்லாம் ஒரே தொய்விலிருந்தும் வரலாம் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. (வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் அது இடுப்புக்குழித் தொற்றாகவும் இருக்கலாம். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. இரண்டையும் பிரித்துச் சொல்லவும் பரிசோதனைதான் வேண்டும்.)

பரிசோதித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டுப் பெண்களுக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 நோய்கள். அதற்கு முன் வாழ்க்கையில் ஒருமுறையாவது மகளிர் நோய்க்கான உள் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 விழுக்காடு. ஊரே வலியில் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரி ஏட்டில் மட்டும் அந்த வலி இல்லை.

தமிழ்நாட்டில் கர்ப்பப்பை இறக்கத்தைப் பேசியதில் நமக்குப் பெருமைப்பட ஒரு வரலாறு உண்டு. அதை நம் இயக்கத் தோழர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1981-இல் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த பன்னிரண்டு தலித் பெண்களும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து கிராமியப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். ரூசெக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் தலித் பெண்களை ஆய்வுப் பொருளாக வைத்து நடத்திய அமைப்பல்ல அது. தலித் பெண்களே தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே கற்று, கற்பித்து, பின்னர் தங்களுக்கென ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள். கர்ப்பப்பை இறங்கிய பெண்கள் அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்களையே பேசவைத்து, அந்த மையத்தினர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேறுகாலப் பாதுகாப்பு என்றால் தாய் சாகாமல் இருப்பது மட்டும்தான் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சாகாமல் பிழைத்தவளின் உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து கேட்டார்கள்.

அந்தக் கேள்வி இன்னும் பழையதாகவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. நாட்டின் சராசரியை விட மிகக் குறைவு. இது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடுகிறது. ஆட்டோவில் வீட்டுக்கு வந்த பெண் எத்தனையாவது நாளில் குடம் தூக்குகிறாள் என்று எந்த ஏட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் 'பச்சை உடம்பு' என்று ஒரு சொல் உண்டு. பிள்ளை பெற்றவளைக் குனியவிடாதே, தண்ணியில் கைவைக்கவிடாதே, பச்சை உடம்புக்காரி என்பார்கள். எல்லாச் சாதியிலும் இந்தச் சொல் உண்டு. உடம்பு பச்சையாக இருக்க எத்தனை நாள் அனுமதி என்பதில்தான் சாதி இருக்கிறது. மூன்று மாதம் தாய் வீட்டில் இருந்து, காயம் தின்று, வயிற்றில் துணி கட்டிப் படுத்திருக்க வசதியுள்ளவளுக்கு மூன்று மாதம். அம்மாவும் கூலி, மாமியாரும் கூலி, புருஷன் கொத்தனாருக்குச் சித்தாள் என்றால் முப்பதாம் நாளே அதிகம். பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடித்தால் அது பதினைந்து கிலோ. காலையில் நான்கு நடை. அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போவது.

கர்ப்பப்பை இறக்கம் சாதி பார்த்து வருவதில்லை என்று சில மருத்துவ நண்பர்கள் எங்களிடம் சொன்னார்கள். சரிதான். சுகப்பிரசவம் ஆன யாருக்கும் வரலாம், வசதியானவர்களுக்கும் வருகிறது. ஆனால் எந்த வயதில் வருகிறது, வந்த பிறகு எத்தனை வருஷம் அதோடு பளு தூக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் யார் தொட்டுப் பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். சாதி அங்கே வந்து நிற்கும்.

ரமணாசிரமம் பகுதியை வெளியூர்க்காரர்கள் அமைதிக்காகத் தேடி வருகிறார்கள். செங்கம் சாலையில் விடுதிகள், மாதக் கணக்கில் தங்கும் அறைகள், யோகா கூடங்கள், வெளிநாட்டவர்களுக்கான காபிக்கடைகள். அந்த அறைகளைப் பெருக்கி, ஈரப் போர்வைகளை வாளியில் நிரப்பி இரண்டு மாடி ஏற்றி மொட்டைமாடியில் காயப்போடும் பெண்கள் யார் என்று பாருங்கள். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்து போன பிறகு, விடிவதற்குள் இலையும் தட்டும் பாட்டிலும் அள்ளித் தள்ளுவண்டியை இழுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் யார் என்று பாருங்கள். இரவெல்லாம் சிறுநீரை அடக்கி நிற்கிறார்கள். பக்தர்களுக்கான கழிப்பறையைக் கழுவுகிற பெண்ணுக்கு, அதில் போக நேரமில்லை. கீழே இறங்கிய சதையைத் துணிச்சுருளால் அடைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தத் துணியே அடுத்த தொற்றுக்கு வழி.

இந்த இடத்தில் எங்களைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தொடக்க நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ள இறக்கத்துக்கு முதல் மருத்துவம் கத்தி அல்ல, பயிற்சி. இடுப்புத் தளத் தசைகளை உள்ளிழுத்துச் சில நொடிகள் பிடித்து விடுவது. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் இதைப் பற்றி எழுதியதால் உலகம் அவர் பெயரில் அழைக்கிறது. கூச்சத்தை விட்டுச் சொன்னால், காற்று பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதே தசைதான். ஒரு தடவைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று நான்கு மாதம். இதே தசையைச் சுருக்கும் பயிற்சிக்கு யோகத்தில் மூலபந்தம் என்று பெயர். மலையைச் சுற்றியுள்ள எந்த யோகா வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்கள். பணம் கட்டி, பாய் விரித்து, கண்மூடி உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். கற்கட்டும், அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தக் கூடத்தின் தரையைக் குனிந்து துடைக்கும் அக்காவுக்குத்தான் அந்தத் தசை தொய்ந்திருக்கிறது, அவளுக்குத்தான் அந்தப் பயிற்சி மருந்து. இருபது வருஷமாகத் தரை துடைக்கிறவரிடம் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. ஞானம் இந்த ஊரில் கூடத்துக்குள் இருக்கிறது, வாளி வெளியே இருக்கிறது.

பயிற்சி போதாத நிலைக்கு வளையம் உண்டு. பெசரி என்பார்கள். சிலிக்கானில் செய்த வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார், அது கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பரிசோதிக்க வேண்டும். அறுவை வேண்டாம், வேலைக்கு நீண்ட விடுப்பு வேண்டாம். இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கும், அறுவையைத் தாங்காத உடம்புக்காரர்களுக்கும் இதுவே வழி. எங்களோடு பேசிய பெண்களில் இந்த வளையத்தின் பெயரையாவது கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

அவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று: "எடுத்துடு."

முற்றிய இறக்கத்துக்கு அறுவை தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் கருப்பையை எடுப்பது மட்டும் மருத்துவமாகாது. தொய்ந்த தாங்குதலைச் சரிசெய்து தைக்காமல் கருப்பையை மட்டும் எடுத்தால், மிச்சமிருக்கும் பகுதி மறுபடி இறங்கலாம். இளவயதில் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். ஆனால் ஏழைப் பெண்ணின் கருப்பை என்றால், பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு என்று கேட்பது எளிதாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-இல் அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை எடுக்கப்பட்டவர்கள். மாதவிடாய்க்கும் வலிக்கும் விடுப்பு எடுத்தால் மேஸ்திரி அபராதம் போடுவார், அதனால் கருப்பையே வேண்டாம் என்ற நிலை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த கருப்பை நீக்கங்கள் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. கவனிப்பே இல்லாமல் இருபது வருஷம், பிறகு ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவிடுவது என்ற இரண்டுக்கும் நடுவில்தான் நம் பெண்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் மருத்துவரிடம் போவதில்லை என்று கேட்பவர்கள், போனவர்களிடம் பேசிப் பார்க்கட்டும். எங்களோடு வேலை செய்யும் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், ஒரு மருத்துவமனையில் பரிசோதனை மேசையில் ஏறிப் படுத்தார். "குளிச்சிட்டு வரமாட்டியா, எந்தக் காலனி" என்று கேட்டார்கள். அவர் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார், மறுபடி போகவில்லை. இதற்கு வன்கொடுமை வழக்குப் போட முடியாது, சாட்சி சொல்ல யாரும் இல்லை. 2023 ஜனவரியில் நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தபோது கலெக்டர் வந்தார், போலீஸ் வந்தது, தொலைக்காட்சி வந்தது. பரிசோதனை அறையின் திரைக்குப் பின்னால் நடக்கும் தீண்டாமைக்கு எந்தக் கேமராவும் வராது.

அண்ணல் அம்பேத்கரிடம் போவோம். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அவர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து, ஆனால் முதலாளியையும் அவர் விட்டுவிடவில்லை. பெண்ணை வேலைக்கு வைப்பதால் லாபம் பார்ப்பவர், அவள் ஓய்வின் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. அது ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான சட்டம். கழனியில் நாற்று நட்ட தலித் பெண் அதற்கு வெளியே நின்றாள்.

இன்று எங்கே நிற்கிறாள்? தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு. பதிவுபெற்ற நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு, 2017-இலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். இரண்டையும் வரவேற்கிறோம். அதே அரசின் தெருவைக் கூட்டும் ஒப்பந்தப் பணியாளர் பச்சை உடம்போடு எத்தனை நாளில் திரும்புகிறார் என்று உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். விவசாயக் கூலிக்கும் வீட்டுவேலைக்காரருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவிதான் இருக்கிறது. அது தவணையாக வருகிறது, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம். சத்துமாவு நல்லதுதான். ஆனால் ஆறு மாதம் குடம் தூக்காமல் இருப்பதற்கான கூலி ஈடு அதில் இல்லை.

நேபாளத்தில் இந்தப் போராட்டம் நீதிமன்றம் வரை போனது. லட்சக்கணக்கான பெண்கள் கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் நாடு அது. பொதுநல வழக்கு ஒன்றில் 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதைக் கவனிக்காமல் விடுவது பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. இலவச அறுவை முகாம்கள் நடத்தினால் போதாது, பேறுகாலத்தில் சுமை தூக்க வைக்கும் பாகுபாட்டைத் தொட வேண்டும் என்று அங்குள்ள பெண்கள் அதன் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இது வேலையால் வரும் காயம். கல்குவாரியில் கை நசுங்கினால் நஷ்டஈடு கேட்கிறோம் அல்லவா, அதே கணக்கில்தான் இதுவும் வரும். மகளிர் அணி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கும் ஆண் தோழர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். அந்தக் குடம் உங்கள் வீட்டுக்கும்தான் வந்தது.

உடனே கேட்கக்கூடியவை இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார், இயன்முறை மருத்துவரும் வருகிறார். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் பயிற்சி தரும் அதே இயன்முறை மருத்துவர் இடுப்புத் தளப் பயிற்சியும் சொல்லித்தரலாம். தன்னார்வலரின் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: "கீழே ஏதாவது இறங்குவதுபோல, உருண்டைபோலத் தெரிகிறதா?" புதுக் கட்டடம் வேண்டாம், புது டெண்டர் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வளையம் இருப்பு வைக்கவும் அதைப் பொருத்தச் செவிலியருக்குப் பயிற்சி தரவும் பெரிய பணம் ஆகாது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு மகப்பேறு விடுப்பைச் சம்பளத்தோடு தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். ஊராட்சிகளில் இருப்பவர்கள் மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொடுங்கள். உழைப்பாளர் தினத்தில் கொடுக்கப் பொருத்தமான தீர்மானம்தான். கர்ப்பப்பை என்ற சொல்லைச் சபையில் படிக்கத் தலைவர் கூச்சப்பட்டால் நீங்களே எழுந்து படியுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவிடம் நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்பார். அத்தையையோ பெரியம்மாவையோ கூட வைத்துக்கொண்டு, இன்னொருவருக்கு இப்படி இருக்கிறதாம் என்று தொடங்கிப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் ஒருவர் வாய் திறந்தால் மூன்று பேர் பேசுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் வருகிறது, வெளியே வந்த சதையில் புண் இருக்கிறது, சிறுநீர் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் மறுநாளே மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்கள் புறநோயாளர் சீட்டு வாங்கிப் போகலாம். பயிற்சியால் சரியாகுமா, வளையம் போடலாமா, அறுவை என்றால் தாங்குதலையும் சேர்த்துத் தைப்பீர்களா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மருத்துவர் எதிரில் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். அம்மா தனியாகப் போனால் கேட்கமாட்டார்.